ஏழு மாதத் தலைவி

இதில் நான் எழுதப்போகும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் வீட்டுப் பால்கனியில் நின்றால் காவிரிக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டை தெரியும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உச்சிப்பிள்ளையாரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதான் இந்தச் சத்தியத்தைச் செய்கிறேன். எழுபத்தெட்டு வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இந்த விவகாரத்தில் எனக்குத் துளி லாபமும் கிடையாது, ஒரு சாய்வு நாற்காலியைத் தவிர. அதைப் பற்றி அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டிலிருந்து கொள்ளிடம் பக்கம் திரும்பினால் எங்கள் அடுக்ககம். மூன்று மாடி, பதினெட்டு வீடு, ஒரு லிஃப்ட், ஒரு சங்கம். சங்கத்துக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தலைவர் பெரியண்ணன். தேர்தல் என்று ஒன்று நடந்ததாக எனக்கு நினைவில்லை. நடந்திருந்தால் மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கும். அதை எழுதுகிற செயலாளர் நான்தான்.

அவருடைய அதிகாரம் முழுவதும் ஒரு சாவிக்கொத்தில் இருந்தது. தண்ணீர் வால்வு, மோட்டார் அறை, லிஃப்ட், மொட்டை மாடி, கேட்டோரத்து அறை. தண்ணீர் வால்வின் சாவி இடுப்பில் தொங்குகிறவரை எதிர்த்து யாரும் அதிக நாள் குளிக்காமல் இருக்க முடியாது. ஒருமுறை முதல் மாடிக்காரரும் இரண்டாம் மாடிக்காரரும் துணி காயப்போடும் கொடிக்காகச் சண்டை போட்டு, மாதக் கணக்கில் பேசாமல் இருந்தார்கள். இருவரும் ஒன்றாக லிஃப்ட்டில் ஏறும் நேரம் பார்த்து, பெரியண்ணன் அதை நடுவழியில் நிறுத்தினார். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது இருவரும் சம்பந்திகளாகியிருந்தார்கள். கல்யாணத்தில் நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

கேட்டோரத்து அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதுதான். எட்டடிக்கு ஆறடி. வாட்ச்மேனுக்காகக் கட்டியது. வாட்ச்மேன் வைக்க யாருக்கும் மனம் வராததால், பன்னிரண்டு வருஷமாக அதில் பாப்பாயி துணி தேய்த்துக்கொண்டிருக்கிறார். பச்சைமலைக்காரர். காலையில் வந்து சாவி வாங்கிக் கதவைத் திறப்பார், சாயங்காலம் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு மேஜை, ஒரு கரிப்பெட்டி, ஒரு கஞ்சிச் சட்டி. பெரியண்ணன் வாய்வார்த்தையாக "இருந்துக்கம்மா" என்று சொன்னதுதான் அவருக்குப் பட்டா, பத்திரம் எல்லாம்.

அந்த அறையின் மேல் மூன்றாம் மாடி முருகானந்தத்துக்குக் கண். அவர் மனை விற்கிறவர். ரோட்டைப் பார்த்த அறை, வாடகை இல்லாத ஆபீஸ். பெரியண்ணனிடம் ஏழு தடவை கேட்டிருந்தார். ஏழு தடவையும் "பாக்கலாம்" என்று பதில் வந்தது. பெரியண்ணன் பாஷையில் "பாக்கலாம்" என்றால் நடக்காது.

முருகானந்தம் எப்போதும் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில்தான் இருப்பார். சாதாரண கஞ்சி இல்லை, மரவள்ளிக் கஞ்சி. ஒருநாள் கூட்டத்தில் வெயில் தாங்காமல் சட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். சட்டை சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு பேர் அதற்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பெரியண்ணன் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு மருமகள் கலைமதியிடம் மோர் கேட்டார். மோர் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மோர் கொண்டுவர ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று எனக்கு அப்போதே சந்தேகம். கேட்கவில்லை. துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது?

மகன் கலையரசன் மஸ்கட்டிலிருந்து வந்து கொள்ளி வைத்தான். மூன்றாம் நாளே திரும்ப விமானம் ஏற வேண்டியிருந்தது. சிக்கல் பதினாறாம் நாள் வந்தது. காரியத்தன்று வாரிசுக்குத் தலைப்பாகை கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாமன் முறையில் வந்தவர் புதுத் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, கட்டுவதற்கு ஒரு தலையைத் தேடினார். முருகானந்தம் தன் தலையைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். உடனே கழுத்து வலிப்பதுபோல் தேய்த்துக்கொண்டார்.

அப்போது கலைமதி இடுப்பிலிருந்த ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். "இந்தத் தலை இருக்குங்களே" என்றாள்.

குழந்தையின் பெயர் கனிஷ்கா. அவளுக்குத் தலைப்பாகை கட்டினார்கள். மூன்று சுற்றிலேயே முகம் மறைந்துவிட்டது. பக்கத்தில் தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், அதிரசம், அவற்றோடு பெரியண்ணனின் சாவிக்கொத்து. குழந்தை தலைப்பாகைக்குள்ளிருந்து கையை நீட்டிச் சாவிக்கொத்தைப் பிடித்து வாயில் வைத்தது. பிறகு விடவில்லை. மூன்று பேர் பிடுங்கிப் பார்த்தார்கள். தாம்பாளத்தில் எறும்பு ஊர்ந்ததை நான் கவனித்தேன். அதிரசம் இருக்கிறது, எறும்பு வருகிறது என்று விட்டுவிட்டேன். எதையும் சந்தேகப்படுவதையே வேலையாக வைத்திருப்பவன் செய்யக்கூடாத பிழை அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் தேர்தல். பதினெட்டு வீடு, பதினெட்டு ஓட்டு. பிரித்துப் பார்த்தால் பதினெட்டுப் பேருக்கு ஆளுக்கொரு ஓட்டு. மறுபடி நடத்தினோம். மறுபடியும் அப்படியே. எனக்குக் கிடைத்த ஓட்டை யார் போட்டது என்று நான் ஆராயவில்லை.

அப்போதுதான் பீமராவ் எழுந்தார். முதல் மாடி. திருச்சியில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் அரசியல் விஞ்ஞானம் நடத்தி ஓய்வுபெற்றவர். வீட்டில் தேங்காய்ச் சட்னியில் உப்பு குறைந்தால்கூட அதிகாரப் பகிர்வைப் பற்றிப் பேசுவார். மனிதன் தன் நலத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகர மாட்டான், இந்தப் பதினெட்டுச் சீட்டும் அதற்குச் சாட்சி என்று ஆரம்பித்தார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மாடு புல்லைப் பார்ப்பதுபோல மனிதன் பதவியைப் பார்க்கிறான் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அதிகாரத்தை, வேணும்னு கேக்கிறவன்கிட்ட குடுக்கக் கூடாதுங்க. வேணாம்கிறவன்கிட்ட குடுத்தா, அவன் முதுகுக்குப் பின்னாடி வேணுங்கிறவன் நிப்பான். அதனால கேக்கவே தெரியாத ஆள்கிட்ட குடுக்கணும். நமக்கு அப்படி ஒரு ஆள் கெடைச்சிருக்கு."

எல்லோரும் குழந்தையைப் பார்த்தோம். குழந்தை சாவியைக் கடித்துக்கொண்டிருந்தது.

முருகானந்தம் இது ஜனநாயக நாடு என்றார். தாத்தா தலைவர் என்பதால் பேத்தி தலைவரா, மன்னர் ஆட்சியா நடக்கிறது, தகுதி வேண்டாமா என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அவர் கண் கேட்டோரத்து அறையின் மேலேயே இருந்தது. பீமராவ் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்க ஜெயிச்சா பதினேழு வீடு தோத்ததா ஆகும். நான் ஜெயிச்சாலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட தோக்கிறது இருக்கே, அது சோறு எறங்காத தோல்விங்க. பொறப்புகிட்ட தோத்தா அப்படி இல்ல. மழைகிட்ட நனைஞ்ச மாதிரி. யாரும் மழை மேல கோவிச்சுக்கிறதில்ல. வாரிசு ஆட்சி எதுக்கு இவ்வளவு காலம் நின்னுச்சுன்னு நினைக்கிறீங்க? வாரிசு உசத்தின்னு இல்ல. பக்கத்து வீட்டுக்காரன் வந்துடக் கூடாதுன்னுதான்."

நான் எல்லா முகங்களையும் பார்த்தேன். எல்லா முகத்திலும் ஒரே எண்ணம் ஓடியது: பெரியவர்களை மடக்குவது கஷ்டம், குழந்தையை நான் மடக்கிவிடுவேன். முருகானந்தம் முகத்திலும் கடைசியில் அது வந்துவிட்டது. ஏகமனதாக நிறைவேறியது.

விதிகளைப் பீமராவ் எழுதினார். தீர்மானம் கொண்டுவருபவர் தலைவியை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கையில் தாளைப் பிடித்து வாசிக்க வேண்டும். தலைவி சிரித்தாலோ சும்மா இருந்தாலோ நிறைவேறியது. அழுதால் தோற்றது. தூங்கினால் ஒத்திவைப்பு. எந்தச் சாவியானாலும் தலைவியின் கையிலிருந்துதான் பெற வேண்டும். அவசரத்துக்கு வால்வு திறக்க, கலைமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய், கொத்து குழந்தை கையில் இருக்கும்படியே திறப்பாள். காலையில் பாப்பாயிக்கு அறையைத் திறந்துவிடுவதும் அப்படித்தான். இதில் அவளுக்கு என்ன ஆசை என்று ஒருநாள் கேட்டுவைத்தேன். "நான் அம்மாங்க சார். எனக்கென்ன ஆசை இருக்கப்போவுது?" என்றாள். அவ்வளவு சுத்தமான பதிலைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

அடுத்த இரண்டு மாதம் எங்கள் அடுக்ககத்தில் நடந்ததை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கலைமதி வீட்டு வாசலில் கிலுகிலுப்பை குவிந்து கதவைத் திறக்க முடியாமல் போனது. இருபது வருஷமாகச் சிரிக்காத ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், கண்ணாடி முன் நின்று முகத்தைக் கையால் மூடித் திறந்து பயிற்சி எடுத்தார். ஆறு வீட்டில் தாலாட்டு கற்றுக்கொண்டார்கள். இராகம் சரியில்லை என்று ஒருவரையொருவர் சந்தேகித்தார்கள். யாராவது மிட்டாய்க் கடைப் பக்கம் போனால் பின்னாலேயே இன்னொருவர் போய், என்ன வாங்குகிறார் என்று பார்த்தார்.

ஆட்சி மோசமில்லை. பீமராவ் மொட்டை மாடியில் பப்பாளித் தோட்டம் போட அனுமதி கேட்டார். தலைவி சிரித்தாள். தன்னலமில்லாத ஆட்சியைக் கண்டுபிடித்தவருக்கு முதல் மாதத்திலேயே தோட்டம் கிடைத்ததை நான் குறித்துக்கொண்டேன். நான் என் சாய்வு நாற்காலியைப் படிக்கட்டுக்கு அடியில் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டேன். அங்கே காற்று வரும், எல்லோர் வீட்டுக்கும் யார் வருகிறார், யார் போகிறார் என்பதும் தெரியும். தீ விபத்துக்கு வழி என்று முருகானந்தம் ஆட்சேபித்தார். தலைவி என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தாள். இந்தக் குழந்தைக்கு நியாயம் தெரிகிறது என்று அன்றைக்கே மினிட்ஸில் எழுதினேன்.

முருகானந்தத்தின் தீர்மானம் ஒன்றே ஒன்றுதான்: கேட்டோரத்து அறையைக் காலி செய்து தனக்கு ஒதுக்க வேண்டும். முதல் தடவை "தீர்மானம்" என்ற சொல்லை வாசிப்பதற்குள் குழந்தை வீல் என்று அலறியது. பாப்பாயி அறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்ச் சட்டை தேய்த்தார்.

கலைமதி கண் ஜாடை காட்டுகிறாள் என்று முருகானந்தம் புகார் சொன்னார். அடுத்த கூட்டத்தில் அவளைப் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டி உட்காரவைத்தோம். குழந்தை அழுதது. பீமராவின் மூக்குக்கண்ணாடியில் வெயில் பட்டுக் குழந்தை கண்ணில் அடிக்கிறது என்றார். கண்ணாடியைக் கழற்றவைத்தோம். பீமராவ் ஒன்றும் தெரியாமல் ஒரு தூணிடம் பேசிக்கொண்டிருந்தார். குழந்தை மறுபடி அழுதது. மூன்றாம் தடவையும் அழுததும் முருகானந்தம், யாரோ கிள்ளுகிறார்கள் என்று எழுத்துமூலம் குற்றம் சாட்டினார், டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

கிள்ளல் என்ற சொல் வந்ததும் அடுக்ககமே இரண்டுபட்டது. எல்லோரும் எல்லோருடைய நகத்தையும் பார்த்தார்கள். மறுநாள் காலை பதினெட்டு வீட்டு வாசலிலும் வெட்டிய நகம் கிடந்தது.

தில்லை நகரில் நசீரா என்றொரு குழந்தை டாக்டர். கலைமதியும் குழந்தையும் முருகானந்தமும் நானும் ஒரே ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போனோம். முருகானந்தத்தின் சட்டை மடங்காததால் அவர் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் குழந்தையின் உடையைக் கழற்றி, முன்னும் பின்னும் பார்த்தார். "கிள்ளினதும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த இடது கன்னத்தைப் பாருங்க, கோடு கோடா சிவந்திருக்கு. மொடமொடன்னு எதுலயோ உரசுது. பிள்ளையைத் தூக்கிறவங்க மெத்துன்னு துணி போட்டுக்கிட்டுத் தூக்குங்க" என்றார்.

முருகானந்தத்தின் கை மெதுவாகத் தன் காலருக்குப் போனது. என் கையும் என் காலருக்குப் போனது. என்னுடையது வாழைப்பூவின் உள்மடல் மாதிரி இருந்தது. அவருடைய காலரில் தேங்காய் உடைக்கலாம்.

இரண்டு சட்டையையும் தேய்ப்பது ஒரே கை.

திரும்பி வந்ததும் நேரே பாப்பாயியிடம் போனேன். அவர் முருகானந்தத்தின் வேட்டியை விரித்து, சட்டியிலிருந்து கஞ்சியைத் தொட்டுத் தெளித்துக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். நிமிரவில்லை.

"மாவு எங்க அண்ணன் காட்டுலேர்ந்து வருது சார். மலையில மரவள்ளி நல்லா விளையுது" என்றார்.

"எல்லார் சட்டையிலயும் இதே கஞ்சிதானா?"

"கூட்டம் இருக்கிற ஞாயித்துக்கெழமைக்கு மட்டும் அவருக்குக் கொஞ்சம் தூக்கலா. உங்களுக்குக் கஞ்சியே இல்ல. பீமராவ் சாருக்கும் இல்ல. நாற்காலி வேணும்னு கேட்டீங்கள்ல, அதுக்கு முதநாள் உங்க சட்டையை ரெண்டு தடவை அலசித் தேய்ச்சேன்."

நியாயம் தெரிந்த குழந்தை என்று நான் மினிட்ஸில் எழுதியது நினைவுக்கு வந்தது. இது தவறில்லையா என்று கேட்டேன். செயலாளர் கேட்க வேண்டிய கேள்வி. கேட்கும்போதே என் குரலில் கஞ்சி இல்லை.

பாப்பாயி பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இங்க பதினெட்டு வீட்டுக்கும் ஓட்டு இருக்கு சார். எனக்கு இல்ல. எனக்குக் கஞ்சி இருக்கு. இந்த ரூம் போச்சுன்னா நான் எங்க போறது? மலைக்குப் போனா அங்க மரவள்ளியத்தான் தேய்க்கணும்."

முருகானந்தத்துக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது என்றும், இந்த ஞாயிறு வேறு உடையில் வருவார் என்றும் எச்சரித்தேன். இதை ஏன் சொன்னேன் என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். அறை கைமாறினால் படிக்கட்டுக்கு அடியும் கைமாறும் என்பது அப்போது என் நினைவில் இல்லவே இல்லை.

பாப்பாயி கொஞ்ச நேரம் கரியை ஊதினார். "அப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. முருகானந்தம் லிஃப்ட்டிலிருந்து வெளியே வந்தபோது யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மகனுடைய பழைய டீ-சர்ட், நூறு தடவை வீட்டில் துவைத்தது, கழுத்துப் பக்கம் தொளதொளவென்று. பதினோரு வருஷமாக அவரைக் கண்டால் வாலாட்டும் கேட் நாய் குரைத்துக்கொண்டு ஓடிவந்தது. வெள்ளைச் சட்டை இல்லாமல் அவர் பாதி ஆளாக இருந்தார். ஆனால் முகத்தில் வெற்றி முழுதாக இருந்தது.

பாப்பாயி அறை வாசலில் நின்றார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் கையில் துணியில்லை. கரிப்பெட்டியை அணைத்துத் தரையில் வைத்திருந்தார்.

குழந்தையைத் தோளில் வாங்கினார் முருகானந்தம். குழந்தை சாவிக்கொத்தோடு வந்து, கன்னத்தை டீ-சர்ட்டில் வைத்து, ஒருமுறை தேய்த்துப் பார்த்தது. அவர் தீர்மானத்தை வாசித்தார், ஒரு சொல்லையும் அவசரப்படுத்தாமல். கடைசி வரியில் தலைவி நிமிர்ந்து அவர் மூக்கைப் பிடித்துச் சிரித்தாள்.

நிறைவேறியது. நான் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. பாப்பாயி மேஜையிலிருந்த துணிகளை வீடு வாரியாகப் பிரித்துக் கட்ட ஆரம்பித்தார். என் சட்டை மேலே இருந்தது.

"சாவி" என்றார் முருகானந்தம்.

தலைவி கையிலிருந்துதான் பெற வேண்டும் என்பது விதி. அவர் கொத்தில் கேட்டோரத்து அறைச் சாவியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். குழந்தை விடவில்லை. கிலுகிலுப்பையைக் காட்டினார். குழந்தை கிலுகிலுப்பையைப் பார்த்தது, சாவியை இன்னும் ஆழமாக வாய்க்குள் வைத்தது. அவர் கொஞ்சம் பலமாக இழுத்தார்.

அந்த அலறலை நான் வர்ணிக்கப்போவதில்லை. கொள்ளிடத்து மணலில் நின்ற கொக்குகள் கிளம்பிப் போனதையும், மேலூர் ரோட்டில் ஒரு பஸ் டிரைவர் யார் மேலோ ஏற்றிவிட்டோம் என்று வண்டியை நிறுத்தி இறங்கிச் சக்கரத்தைப் பார்த்ததையும் மட்டும் சொல்கிறேன்.

முருகானந்தம் கையை எடுத்தார். அழுகை நின்றது. மறுபடி சாவியைத் தொட்டார். மறுபடி அலறல். நான்கு தடவை.

பீமராவ் தொண்டையைச் செருமினார். "சிரிச்சா நிறைவேறும், அழுதா தோக்கும். ரெண்டும் நடந்திருக்கு. ரெண்டு ஆணை வந்தா எது கடைசியோ அதுதான் செல்லும். உலகத்துல எல்லா அரசாங்கத்துலயும் அப்படித்தான்."

இது அநியாயம் என்று முருகானந்தம் சொல்வார், வழக்குப் போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் குழந்தையைக் கலைமதியிடம் கொடுத்துவிட்டு, டீ-சர்ட்டைச் சரிசெய்துகொண்டு, எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார்.

"உங்கள்ல ஒருத்தர்கிட்ட தோத்திருந்தா, இன்னைக்கே வீட்டை வித்துட்டுப் போயிருப்பேங்க. இதுகிட்டதானே. போவட்டும்" என்றார். லிஃப்ட்டுக்குப் போகும் வழியில் பாப்பாயியிடம், அந்த வெள்ளைச் சட்டையைச் சாயங்காலத்துக்குள் கொடுக்க முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாப்பாயி துணி மூட்டையை அவிழ்த்தார். கரியைப் பற்றவைத்தார்.

கூட்டம் கலைந்ததும் நான் படிக்கட்டுக்கு அடியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். கலைமதி குழந்தையோடு அந்த வழியாக வந்தாள். குழந்தை தூங்கிவிட்டிருந்தது. கையிலிருந்த சாவிக்கொத்திலிருந்து வரிசையாக எறும்புகள் இறங்கி, கலைமதியின் முந்தானையில் ஏறிக்கொண்டிருந்தன. இங்கே அதிரசமும் இல்லை, தாம்பாளமும் இல்லை.

"என்னம்மா, பனங்கற்கண்டா?" என்று கேட்டேன்.

அவள் நின்றாள். எறும்புகளை ஊதிவிட்டாள். "பல்லு மொளைக்குதுங்க சார். ஈறு அரிக்கும்ல? கரைச்சு சாவியில லேசா தடவி வைப்பேன். பதினாறாம் நாள்லேர்ந்தே தடவுறதுதான்."

"பாப்பாயிக்குத் தெரியுமா?"

"அவங்க கஞ்சி எனக்குத் தெரியாது. என் கற்கண்டு அவங்களுக்குத் தெரியாது. அவங்கவங்க வேலை அவங்கவங்களுக்கு." குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "படிக்கட்டுக்கு அடியில காத்து நல்லா வருதுங்களா சார்? நாற்காலி சௌகரியமா இருக்கா?"

"ரொம்ப சௌகரியம்மா" என்றேன்.

மினிட்ஸ் புத்தகத்தில் எறும்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கஞ்சியைப் பற்றியும் இல்லை. கேட்டோரத்து அறை பாப்பாயியிடமே இருக்கும் என்று தலைவி கனிஷ்கா ஆணையிட்டதாக மட்டும் இருக்கிறது. கீழே செயலாளர் கையெழுத்து. மறுநாள் தேய்த்து வந்த என் சட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கலாம்போல் இருந்தது.

இதையெல்லாம் எழுதி முடித்து, நேற்று மத்தியானம் பெரியண்ணனிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசி வரி வரை நிதானமாக, தான் செத்துப்போகிற இடத்தை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டு, அவர் மோர் குடித்தார்.